சுங்கை சிப்புட் டவுன் படம்: எந்த வருஷம் இருக்கும்?

சிப்புட் பேத்தி | ஞாயிறு, இரவு 10.12

வணக்கம். இரண்டு வருஷமாக இங்கே படிக்க மட்டும்தான் வருகிறேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாட்டி போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய தகரப் பெட்டியைச் சுத்தம் பண்ணும்போது, அடியில் விரித்திருந்த தமிழ் நேசன் தாளுக்குக் கீழே இந்தப் படம் கிடைத்தது. (தாளில் தேதி இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, 1984. பாட்டி அந்தக் காலத்தில் வருஷா வருஷம் பொங்கலுக்குத் தாள் மாற்றுவார், அதனால் அது உதவாது.) கறுப்பு வெள்ளை, சதுரம், சுற்றிலும் வெள்ளை ஓரம். பேராக்கில் இருக்கிற எங்கள் சுங்கை சிப்புட் டவுன்தான், அதில் சந்தேகம் இல்லை. கடை வரிசை, அஞ்சடி (கடை முன் நடைபாதை), ஒரு கடை வாசலில் அடுக்கி வைத்த தகரப் பெட்டிகள், தூணில் பாதி கிழிந்த சினிமா போஸ்டர். போஸ்டரில் ‘மைப் பெண்’ என்று மட்டும் தெரிகிறது. ரோட்டு நடுவில் ஒரு மோட்டர் சைக்கிள், ஓட்டுகிறவர் தலையில் வெள்ளையாக ஹெல்மெட் மாதிரி ஒன்று. இடது ஓரத்தில் ஒருவர் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சைக்கிளைப் பிடித்தபடி நிற்கிறார்.

விஷயம் அவர்தான். நான் ஸ்கூல் படிக்கும்போது பாட்டி ஒரு தடவை இந்தப் படத்தைக் காட்டி ‘இதுதான் உன் தாத்தா’ என்று சொல்லியிருக்கிறார். தாத்தாவுக்கு வேறு படமே கிடையாது. கல்யாணப் படம் எடுக்கவில்லை, இறந்தபோது ஐசியையும் (அடையாளக் கார்டு) திருப்பிக் கொடுத்தாயிற்று. தாத்தா தவறியது 1971, கோலாலம்பூரில் பெரிய வெள்ளம் வந்த அதே வருஷம். அப்பாவுக்கு அப்போது மூன்று வயது, அவருக்கு முகமே ஞாபகம் இல்லை. அத்தைக்குத் தெரியும், ஆனால் கண் ஆபரேஷன் பண்ணிக்கொண்டு கிள்ளானில் ஓய்வில் இருக்கிறார், ஒரு வாரத்துக்கு எதையும் உற்றுப் பார்க்கக் கூடாதாம்.

படம் 1971-க்கு முந்தியது என்று யாராவது சொல்ல முடியுமா? பெரிதாக ஸ்கேன் செய்து கீழே இணைத்திருக்கிறேன்.


மோட்டர் மணி | ஞாயிறு, இரவு 11.05

அருமையான படம் சகோதரி. வண்டி ஹோண்டா கப், முன்பக்கக் காப்பைப் பார்த்தாலே தெரிகிறது. நம்பர் பலகை ஏ-யில் தொடங்குகிறது, பேராக் வண்டி. மற்ற எழுத்து மங்கல்.

ஹெல்மெட் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மோட்டரில் போகிறவர்கள் ஹெல்மெட் போட வேண்டும் என்று நம்ம நாட்டில் சட்டம் வந்தது 1973-ல். அதுக்கு முந்தி சிப்புட் மாதிரி ஒரு டவுனில் காசு கொடுத்து ஹெல்மெட் வாங்கிப் போட்டவரை நான் கேள்விப்பட்டதே இல்லை. அதனால் 1973 அல்லது அதுக்கு அப்புறம். புரோட்டோன் சாகா ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை, ஆக 1985-க்கு முந்தி. நான் 1974, 75 என்று சொல்வேன்.


சிப்புட் பேத்தி | ஞாயிறு, இரவு 11.31

அப்படியானால் அது தாத்தா இல்லை.

சரி. நன்றி அண்ணே. தெரிந்துகொள்ளத்தானே கேட்டேன்.


மோட்டர் மணி | ஞாயிறு, இரவு 11.34

ஐயோ, 1971 என்று மேலே எழுதியிருப்பதைக் கவனிக்காமல் வண்டியையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். மன்னிச்சிக்கோங்க. மற்றவர்களும் பார்க்கட்டும், நான் சொன்னதே முடிவு இல்லை.


பழைய கிராணி | திங்கள், காலை 6.20

மணி தம்பி, அவசரப்பட்டு அந்தப் பிள்ளையைத் தூங்கவிடாமல் பண்ணிவிட்டீர்கள். அது ஹெல்மெட் இல்லை. படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள், காதுக்கு மேலே சுற்றி விளிம்பு நீட்டிக்கொண்டு இருக்கிறது, உச்சியில் ஒரு குமிழ் இருக்கிறது. ஹெல்மெட்டுக்கு ஏதப்பா குமிழ்? அது தக்கைத் தொப்பி. துரைமார் போட்டது, அவர்களைப் பார்த்து தோட்டத்துக் கண்டக்டர்களும் எங்களைப் போன்ற ஆபீஸ் கிராணிகளும் போட்டது. என் தொப்பி இன்னும் வீட்டில் இருக்கிறது, பேரன் அதில் பந்து போட்டு வைத்திருக்கிறான். வெள்ளைத் தொப்பி, சட்டைப்பையில் பேனா, மத்தியான வேளை. தோட்டத்து ஆபீஸ் ஆள் பேங்க்குக்கோ போஸ்டாபீஸுக்கோ வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

நான் அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் 1964-லிருந்து ஆபீஸில் இருந்தவன். வயது 80 ஆகப் போகிறது, ஆனால் இந்தத் தெருவை மறக்கவில்லை. எல்லாரும் ஆளையும் வண்டியையும் பார்க்கிறீர்கள், நான் பார்ப்பது அந்தப் பெட்டிகளை. கீழேயிருந்து மேலே எண்ணுங்கள், ஒரு அடுக்கில் ஏழு, பக்கத்தில் இன்னொரு அடுக்கு, அதுக்குப் பின்னால் நிழலில் இன்னும் இருக்கிறது. ஒரு சின்ன டவுன் கடையில் சாதாரணமாக இத்தனை பெட்டி வெளியே வராது. கல்யாண மாசம் என்றால் ரெண்டு, மூணு தொங்கும்.

1969-ல் வேலை பெர்மிட் வந்தது. 1968-ல் போட்ட சட்டம், குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் வேலை செய்யக் கூடாது என்று. சிவப்பு ஐசி வைத்திருந்தவர்களுக்குத் தலையில் இடி. அதில் பாதிப் பேர் இங்கேயே பிறந்தவர்கள், பாரம் நிரப்பத் தெரியாமலோ, எவனோ ஒருவன் ‘அதெல்லாம் தேவையில்லை’ என்று சொன்னதைக் கேட்டோ, குடியுரிமைக்கான நீல ஐசிக்கு மனுப் போடாமல் இருந்தவர்கள். ஆபீஸில் உட்கார்ந்து பேர் பட்டியல் எழுதியவன் நான், அதனால் சொல்கிறேன். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஊருக்குக் கப்பல் ஏறின. ‘ஊர்’ என்றால் அவர்கள் அப்பா பிறந்த ஊர், இவர்கள் பார்த்தே இராத ஊர். சம்பளம் போட்ட மறுநாள் டவுனுக்கு வந்து பெட்டி, கம்பளி, ஒரு டார்ச் லைட், பிள்ளைகளுக்குப் பிஸ்கட் டின். பெட்டி விற்கிற கடைத் தவுக்கே (முதலாளி) அந்த வருஷம் விற்ற மாதிரி அதுக்கு முந்தியும் விற்றதில்லை, பிந்தியும் விற்றதில்லை. என் கணக்கு 1969 கடைசி, அல்லது 1970.

தாத்தா எந்தத் தோட்டம் அம்மா?


ஈப்போ வாத்தியார் | திங்கள், மதியம் 1.40

ஐயா சொன்ன தொப்பி சரி, நானும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். ஆனால் பெட்டிக் கணக்கை அப்படியே ஏற்க முடியவில்லை. அன்றைக்குத்தான் லாரியில் சரக்கு வந்து இறங்கியிருக்கலாம்.

பழைய படத்துக்கு வருஷம் கண்டுபிடிக்க ஒரே வழி, அதில் இருக்கிற ஆகப் புதிய பொருள் எது என்று பார்ப்பது. பழைய பொருள் எதையும் நிரூபிக்காது. அந்த ரெண்டாவது கடைப் பலகையில் ‘ஷரிகாட்’ என்பதைப் பழைய முறையில் எஸ், எச் போட்டு எழுதியிருக்கிறார்கள். 1972 ஆகஸ்டில் மலாய் எழுத்து முறையை மாற்றினார்கள், அதுக்கு அப்புறம் எஸ், ஒய். ஆக 1972-க்கு முந்தி என்று துள்ளிக் குதிக்கத் தோன்றும், ஆனால் எந்தத் தவுக்கே அரசாங்கம் எழுத்தை மாற்றியது என்பதற்காகப் பலகையைக் கழற்றினான்? ஈப்போவில் பழைய எழுத்துப் பலகைகள் இன்றைக்கும் தொங்குகின்றன.

கூரை மேல் டிவி ஆன்டெனா ஒன்று இருக்கிறது, வலது கோடியில். டிவி வந்தது 1963 டிசம்பர். ஆக அதுக்குப் பிறகு. போஸ்டர் இன்னும் நெருக்கிப் பிடிக்கிறது. ‘மைப் பெண்’ என்று முடிகிற எம்.ஜி.ஆர். படம் ‘அடிமைப் பெண்’, கிழிசலுக்குக் கீழே சிங்கத்தின் பிடரி மாதிரி தெரிவதும் அதற்குப் பொருந்துகிறது. தமிழ்நாட்டில் வெளியானது 1969 மே 1. இங்கே மே 13 இனக்கலவரம், அவசரகாலம், எல்லாம் அடங்கி நம்ம பக்கத்து டவுனுக்குப் படப்பெட்டி வந்து சேர மாசங்கள் ஆகியிருக்கும். எனக்கு அப்போது 11 வயது, சிங்கச் சண்டைக்காகவே மூன்று தடவை பார்த்தேன், மூன்றாவது தடவை அப்பாவிடம் மாட்டிக்கொண்டேன்.

சதுரப் படம் என்பதை வைத்து இன்ஸ்டமாட்டிக் கேமரா, 1963-க்கு மேல் என்று சிலர் சொல்லுவார்கள். தேவையில்லை. 120 ஃபிலிம் போட்ட யாஷிகாவும் சதுரம்தான் எடுக்கும், ஸ்டூடியோக்காரர்கள் கழுத்தில் எல்லாம் அதுதான் தொங்கியது.

ஆகக் கீழ் எல்லை 1969 நடுவில். மேல் எல்லை? நேர்மையாகச் சொன்னால் இல்லை. தாத்தா 1971-ல் தவறினார், அதனால் படம் 1971-க்கு முந்தி என்று சொல்லக் கூடாது. நிரூபிக்க வேண்டியதையே சாட்சியாக வைப்பது அது.


டோவன்பி பொண்ணு | திங்கள், மாலை 5.15

வாத்தியார் சார், நாலாவது கடைக்குள்ளே சுவர்க் கடிகாரம் தெரிகிறதே, பார்த்தீர்களா? பன்னிரண்டே முக்கால் காட்டுகிறது. நிழல் எல்லாம் காலுக்கடியில் இருக்கிறது. 1982-க்கு முந்தி நம்ம நேரம் அரை மணி பின்னால் இருந்தது, அப்போது பேராக்கில் உச்சி வெயில் சுமார் பன்னிரண்டே முக்காலுக்குத்தான் வரும். இப்போது ஒன்றே காலுக்கு. அதை வைத்துச் சொல்ல முடியாதா?


ஈப்போ வாத்தியார் | திங்கள், மாலை 5.48

கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் அரை மணி நேரத்தில் நிழல் நகர்வது ரொம்பக் கொஞ்சம், இந்தப் படத்தில் அளக்க முடியாது. கடைக் கடிகாரம் சரியாக ஓடியதா என்றும் தெரியாது. அப்படியே ஓடியிருந்தாலும் 1982-க்கு முந்தி என்றுதான் வரும், நமக்கு வேண்டியது 1971.


டோவன்பி பொண்ணு | திங்கள், இரவு 8.02

சரி சார், விட்டுவிட்டேன். ஆனால் அந்த நேர மாற்றத்தைச் சொன்னதும் எனக்கு வேறு ஞாபகம் வந்துவிட்டது. 1981 டிசம்பர் 31 ராத்திரி பதினொன்றரை மணிக்குக் கடிகாரத்தைத் தள்ளி பன்னிரண்டு ஆக்கினார்கள். எங்கள் அம்மா பால்மரம் வெட்டியவர். பெரட்டு (காலையில் பேர் கூப்பிடுவது) அதே ஐந்தரைதான், ஆனால் அது நேற்றைக்கு ஐந்து மணி! லயத்திலிருந்து எல்லாரும் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கும்மிருட்டில் நடந்து போனார்கள். மண்டோர் பேர் கூப்பிடுகிறார், ஆள் எதிரிலேயே நிற்கிறது, முகம் தெரியவில்லை. எங்கள் அம்மா ரொம்ப நாளைக்கு ரெண்டு நேரம் சொல்லுவார், ‘கவர்மெண்டு நேரம் ஆறு, நம்ம நேரம் அஞ்சரை’ என்று. சேவல் பழைய நேரத்துக்குத்தான் கூவும்.

தலைப்புக்குச் சம்பந்தம் இல்லைதான், மன்னிக்கவும் லா.


சிப்புட் பேத்தி | திங்கள், இரவு 9.30

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று ராத்திரி நிஜமாகவே தூங்கவில்லை, கிராணி ஐயா சொன்ன தொப்பியைப் பார்த்துவிட்டு இன்றைக்கு ஆபீஸில் தனியாகச் சிரித்தேன்.

ஐயா, தாத்தா எல்பில் தோட்டம். உங்கள் பதிவைப் படித்ததும் ஒன்று உறைத்தது. இந்தப் படம் கிடைத்த பாட்டியின் பெட்டி இதே மாதிரிப் பெட்டிதான்! பச்சை, மூடியில் மஞ்சள் பூ, பூட்டு மாட்டும் கொக்கி ரெண்டு. படத்தில் நிறம் இல்லை, ஆனால் மேலே இருக்கிற பெட்டியின் மூடியில் அதே பூ வடிவம். பாட்டிக்குச் சிவப்பு ஐசி. அதை எத்தனையோ வருஷம் கழித்துத்தான் மாற்றினார், அதற்காக அப்பா அலைந்தது எனக்கே தெரியும். எங்கள் குடும்பத்தில் யாரும் இந்தியாவுக்குப் போனதில்லை. பின்னே எதற்குப் பெட்டி என்று இதுவரை நான் யோசித்ததே இல்லை, துணி வைக்க என்று நினைத்தேன்.

இன்னொன்று. சைக்கிள் கேரியரில் ரெண்டு பக்கமும் உயரமான தகரம் மாதிரி தொங்குகிறது. அது என்ன?


பழைய கிராணி | செவ்வாய், காலை 5.55

எல்பிலா. 1948 ஜூன் 16-ஆம் தேதி கம்யூனிஸ்டுகள் துரையைச் சுட்டார்களே, அந்த முதல் அவசரகாலம் பிறந்ததே அங்கேதான். அந்தத் தோட்டத்து ஆட்கள் அதுக்கு அப்புறம் பன்னிரண்டு வருஷம் சோதனைச் சாவடியும் முள்வேலியுமாகப் பார்த்தவர்கள். அது முடிந்தது என்று மூச்சு விட்டால் தோட்டத் துண்டாடல். துண்டு துண்டாக விற்றபோது சனம் தெருவுக்கு வந்தது. நம்ம சிப்புட்காரர் துன் சம்பந்தன் 1960-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கி, பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டம் வாங்க ஆரம்பித்தது அதனால்தான். அதையும் தாண்டினால் பெர்மிட். அந்தத் தலைமுறைக்கு ஒன்று போனால் இன்னொன்று.

தகரம் பால் கேன் அம்மா. மாட்டுப் பால். கித்தாப் பால் (ரப்பர் பால்) டவுனுக்கு வராது, வந்தால் அது வேறு கதை, அதை நான் இங்கே எழுத மாட்டேன். காலையில் மரம் வெட்டிவிட்டு, லயத்துக்குப் பின்னால் ரெண்டு மாடு வைத்திருந்தவர்கள், டவுனில் காப்பிக் கடைகளுக்குப் பால் ஊற்றுவார்கள். தாத்தா மாடு வைத்திருந்தாரா?


சிப்புட் பேத்தி | செவ்வாய், காலை 7.10

வைத்திருந்தார். பாட்டி அந்த மாடுகளைப் பேர் சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குச் சோறு ஊட்டுவார். லெட்சுமி, சிவப்பி.


ஈப்போ வாத்தியார் | செவ்வாய், மதியம் 1.15

எனக்கும் அது தாத்தாவாக இருக்க வேண்டும் என்றுதான் ஆசை. ஆனால் பால் ஊற்றியவர்கள் அந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர். எல்லாருக்கும் அதே மாதிரி கறுப்பு சைக்கிள், அதே கேன், பின் மட்கார்டு நுனியில் இரவில் தெரிவதற்கு அதே வெள்ளைப் பெயிண்ட். முதுகை வைத்து யார் என்று சொல்ல முடியாது. 1969-க்குப் பிறகு, பெட்டி அடுக்கையும் சேர்த்துப் பார்த்தால் 1970 வாக்கில் என்பது நல்ல ஊகம். ஊகம் மட்டும்தான்.

அத்தைக்குக் கண் சரியானதும் கேளுங்கள். ஒரு வேண்டுகோள்: ‘இது தாத்தாவா’ என்று கேட்காதீர்கள். சும்மா படத்தைக் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள்.


சிப்புட் பேத்தி | அடுத்த ஞாயிறு, இரவு 9.47

வாத்தியார் சொன்னபடியே செய்தேன். கிள்ளானுக்குப் போய், சாப்பிட்டு முடித்து, படத்தை அத்தை மடியில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்தேன். அப்பாதான் பக்கத்தில் நெளிந்துகொண்டு இருந்தார், நான் தொடையில் கிள்ளினேன்.

அத்தை முதலில் கடைகளைப் பார்த்தார். இங்கே ஐஸ் கச்சாங் வாங்குவோம், இங்கே அம்மா நகை அடகு வைக்கும் என்று விரலை நகர்த்திக்கொண்டே போனார். பெட்டிக் கடையில் விரல் நின்றது. ‘பெட்டி வாங்கினோம். கப்பல் டிக்கெட்டுக்குக் காசு சேருறதுக்குள்ள அப்பா போயிட்டாரு’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். அப்பாவுக்கு இது தெரியவே தெரியாது, அம்பது வருஷத்துக்கு மேல் அந்தப் பெட்டியோடு ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்.

அப்புறம் விரல் இடது ஓரத்துக்கு வந்தது. ஆளைப் பார்க்கவில்லை. சைக்கிளுக்குக் கீழே தொட்டு, ‘ஐயே, இந்த மட்கார்டு’ என்று சிரித்தார். ‘மாட்டா மாட்டா (போலீஸ்) பிடிக்கிறான்னு அப்பா பெயிண்ட் வாங்கிட்டு வந்தாரு. நான் அடிக்கிறேன்னு பிடுங்கி அடிச்சேன். எட்டு ஒன்பது வயசு இருக்கும். கோணலாப் போச்சு. சரி பண்ணவே விடல, எம்மவ அடிச்சதுன்னு அப்படியே ஓட்டினாரு.’

நான் வீட்டுக்கு வந்ததும் ஸ்கேனை மறுபடியும் போட்டு, மட்கார்டை மட்டும் வெட்டிப் பெரிதாக்கினேன். கீழே இணைத்திருக்கிறேன். நீங்களே பாருங்கள். அத்தை பிறந்தது 1961.


மோட்டர் மணி | அடுத்த ஞாயிறு, இரவு 9.58

கோணல்!!! இடது பக்கம் ரெண்டு விரல் அளவு மேலே ஏறியிருக்கிறது.


ஈப்போ வாத்தியார் | அடுத்த ஞாயிறு, இரவு 10.20

பார்த்தேன். கோணல்தான். நான் வாதாடவில்லை.

1969 அல்லது 1970 என்று பின்னால் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், மை ஊறி முன்பக்கம் வரும்.


பழைய கிராணி | திங்கள், காலை 5.40

பேரையும் சேர்த்து எழுது அம்மா. இங்கே வேண்டாம், படத்துக்குப் பின்னால்.